என் நோட்டுதான் மூலம், உங்கள் தளம் நகல்: நேரக்கணக்குச் சேவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் நேரக்கணக்குச் சேவைகளை உருவாக்கி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்களுக்குப் பணம் கட்டுவது நான் இல்லை, என் கிளையன்ட். அவர் மாதச் சந்தா கட்டி, எனக்கு ஓர் அழைப்பு அனுப்பி, "இனிமேல் உங்கள் மணிக்கணக்கெல்லாம் இதில்தான் ஏற வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் சேவை எப்படி இருக்கிறது என்று நீங்கள் அனுப்பும் கேள்விகளும் அவருக்கே போகின்றன. அவர் வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை காலையில், காபியோடு அறிக்கையைத் திறக்கிறார். நான் வாரத்துக்கு நாற்பது ஐம்பது முறை உங்கள் சர்வரோடு மல்லுக்கட்டுகிறேன். குறை யாருக்குத் தெரிந்திருக்கும்?

நான் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம். 2020 மார்ச்சில் பெங்களூரு ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. இணையதளப் பராமரிப்பும் டெஸ்டிங்கும் என் வேலை. கிளையன்ட்கள் மூன்று பேர். ஒருவர் பெங்களூருவில், ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு நேரக்கணக்குச் சேவை வைத்திருக்கிறார்கள்.

மூன்று டைமர், மூன்று பட்டன். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது இதை நிறுத்து, அதை ஓட்டு என்று ஞாபகம் வைத்து அழுத்த என்னால் ஆகவில்லை. அதனால் என் நேரத்தை ஒரே இடத்தில் எழுதுகிறேன்: என் லேப்டாப்பில், ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில். ஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டரில் ஆர்க் மோட் என்று ஒன்று உண்டு. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் சொந்தக் குறிப்புகளுக்காகத் தொடங்கியது. அதில் ஒரு வேலையின் மேல் கர்சரை வைத்துச் சில விசைகளைத் தட்டினால் கடிகாரம் ஓடும், வேறு சில தட்டினால் நிற்கும். கோப்பில் விழுவது இவ்வளவுதான்: [2024-03-11 திங் 09:10]--[2024-03-11 திங் 10:25] => 1:15. நெட் வேண்டாம், லாகின் வேண்டாம். பத்து வருடம் கழித்து எந்தக் கணினியில் திறந்தாலும் படிக்கலாம்.

அந்தக் கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியையும் எடுத்து உரிய சேவைக்கு அனுப்ப பைத்தான் மொழியில் ஒரு சின்ன ஸ்க்ரிப்ட், அதாவது தானாக ஓடும் நிரல், எழுதினேன். நாலு வருடமாகிறது. இருநூறு வரியில் முடியும் என்று நினைத்த ஸ்க்ரிப்ட் இன்று எழுநூறு வரி. மிச்ச ஐந்நூறு வரிகளும் உங்களைச் சமாளிப்பதற்காக எழுதியவை. அந்த ஐந்நூறைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நோட்டில் எழுதும் பழக்கம் எனக்குக் கணினியிலிருந்து வரவில்லை. அப்பாவிடமிருந்து வந்தது. அவர் டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறவர், உழவுக்கு மணிக்கணக்கு. டிராக்டரின் டேஷ்போர்டில் ஹவர் மீட்டர் என்று ஒன்று இருக்கும். பார்த்ததில்லை என்றால் ஒருமுறை பாருங்கள், உங்கள் தொழிலுக்கு அது பெரியப்பா முறை. வயலில் இறங்கும்போது மீட்டரில் நிற்கும் எண்ணை அப்பா நோட்டில் குறிப்பார். வயல்காரரும் ஒரு துண்டுச் சீட்டில் குறிப்பார். வேலை முடிந்து வண்டியை ஏற்றும்போது இரண்டு பேரும் மறுபடி குறிப்பார்கள். சாயந்திரம் டீக்கடையில் இரண்டும் ஒத்துப்போனால் பணம். ஒத்துப்போகாவிட்டால் பேச்சு. பேச்சு எவ்வளவு முற்றினாலும், அப்பாவின் நோட்டில் இருக்கிற எண்ணை வயல்காரர் பேனா எடுத்து அடித்து மாற்ற முடியாது.

அந்த மீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய மெக்கானிக்கல் மீட்டர் எஞ்சின் சுற்றுக்குக் கட்டுப்பட்டது. கம்பெனி குறித்த ஆர்பிஎம்மில் ஓடினால்தான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். மெதுவாக ஓட்டினால் குறைத்துக் காட்டும். எஞ்சினை அணைத்தால் நகரவே நகராது. மாங்காய் சீசனில் இது பெரிய விஷயம். தோத்தாபுரி லோடு ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் போய் நின்றால் வரிசை எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. வண்டி அணைந்து நிற்கும், மீட்டரும் நிற்கும், அப்பாவின் அரை நாள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதை அவர் நோட்டில் 'வெயிட்டிங்' என்று தனி வரியாக எழுதுவார். லோடுக்காரர் முனகுவார், கொஞ்சம் குறைப்பார், கடைசியில் கொடுப்பார். எஞ்சின் ஓடிய நேரம் மீட்டரில் இருக்கிறது. அப்பா உழைத்த நேரம் நோட்டில் இருக்கிறது.

உங்களில் சிலர் மவுஸ் அசைவையும் விசை தட்டலையும் எண்ணி 'செயல்பாட்டு சதவீதம்' போடுகிறீர்கள். இன்னும் சிலர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கிறீர்கள். ஒரு பிழை எங்கிருந்து வருகிறது என்று நான் காகிதத்தில் அம்புக்குறி போட்டு நாற்பது நிமிடம் யோசிக்கும்போது என் மவுஸ் அசையாது. மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் நிற்கும் டிராக்டர் மாதிரிதான். அந்த நாற்பது நிமிடம் உங்கள் கணக்கில் 'ஐடில்', அதாவது சும்மா இருந்த நேரம், என்று சாம்பல் நிறத்தில் விழுகிறது.

பத்திர ஆபீஸ் பாஷையில் சொன்னால், என் கோப்புதான் மூலப் பத்திரம். உங்களிடம் இருப்பது அதன் ஜெராக்ஸ். நீங்களோ உங்கள் சர்வரில் இருப்பதை மூலமாகவும், பயனரின் கையிலிருப்பதை ஏதோ உதிரித் தாளாகவும் நினைத்தே எல்லாவற்றையும் கட்டியிருக்கிறீர்கள். எனக்கு வந்த தொல்லை முழுக்க இந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது.

நேர மண்டலத்தில் தொடங்குகிறேன். அதில் முதல் தப்பு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்க் மோட் எழுதும் நேரத்தில் மண்டலம் இருக்காது. 09:10 என்றால் வெறும் 09:10, எந்த ஊர் 09:10 என்று கோப்புக்குத் தெரியாது. என் ஸ்க்ரிப்டின் முதல் வடிவம் அதை அப்படியே அனுப்பியது. சர்வர் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொண்டது. விளைவு, நான் காலை 9:10க்குத் தொடங்கிய வேலை அறிக்கையில் பிற்பகல் 2:40க்குத் தொடங்கியது. ஞாயிறு இரவு 8 மணிக்குச் செய்தது திங்கட்கிழமை விடியற்காலை ஒன்றரைக்குப் போய் உட்கார்ந்தது, அதாவது அடுத்த வாரத்தில். டைம்வாரியர் மாதிரியான நேரம் பதியும் கருவிகள் கோப்பிலேயே யுடிசியில் எழுதி, அது யுடிசிதான் என்று காட்டக் கடைசியில் ஒரு இசட் எழுத்தும் போட்டுவிடுகின்றன. நான் அதைப் பார்த்தாவது கற்றிருக்க வேண்டும். சரி, நம் நேரம் யுடிசியை விட ஐந்தரை மணி முன்னால் என்று காட்டும் பிளஸ் 5:30ஐச் சேர்த்துத் திருத்திவிட்டேன்.

திருத்திய பிறகும் பிரச்சினை தீரவில்லை. இந்த முறை தப்பு என்னுடையது இல்லை. திங்கட்கிழமை அதிகாலை 1 மணி முதல் 4 மணி வரை ஒரு சர்வர் மாற்றம் செய்தோம். கிளையன்டின் கணக்கில் நேர மண்டலம் அமெரிக்க மேற்குக் கரை. அங்கே அது இன்னும் ஞாயிறு. வாரம் ஞாயிறோடு முடிவதாக வைத்திருக்கிறார்கள். ஆக என் மூன்று மணி நேரம் போன வாரத்தில் போய் விழுந்தது. நான் என் செவ்வாய்க்கிழமை மதியம் அனுப்புவதற்குள் போன வாரம் ஒப்புதலாகிப் பூட்டப்பட்டுவிட்டது. 'இந்தக் காலம் மூடப்பட்டது' என்று ஒரு சிவப்பு வரி. அந்த மூன்று மணிக்குப் பணம் வாங்க ஆறு மின்னஞ்சல் ஆனது.

தீர்வு கடினமானது இல்லை. ஒவ்வொரு என்ட்ரியோடும், அதாவது ஒவ்வொரு நேர வரியோடும், அது எந்த மண்டலத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து வையுங்கள். நான் அனுப்பும்போது பிளஸ் 5:30 என்று சொல்கிறேன். நீங்கள் யுடிசியாக மாற்றிவிட்டு அந்த 5:30ஐத் தூக்கி எறிந்துவிடுகிறீர்கள். திரும்பக் கேட்டால் 'எந்த ஊரில் எழுதினார்' என்ற தகவலே இல்லை. அமெரிக்கர்கள் மார்ச்சில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் கடிகாரத்தை நகர்த்துகிறார்கள், நாம் நகர்த்துவதில்லை. என் இரவு எட்டரை மணி மீட்டிங் வருடத்தில் ஏறக்குறைய நாலு மாதம் ஒன்பதரைக்கு மாறுவது அதனால்தான். இந்திய நேரம் என்ற ஒன்றே 1906இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். அந்தக் காலத்தில் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றோடு பேசும் வாசல்) இல்லாமல் போனது என் பாட்டன் பூட்டன் செய்த புண்ணியம்.

இதில் ஒரு வேடிக்கை. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் செய்தது எங்கள் ஓசூரில். "கடிகாரம் செய்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மணியைத் தப்பாக எழுதுவேனா?" என்று அந்த ஆறு மின்னஞ்சலில் ஒன்றில் எழுதிப் பார்த்தேன். பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தது இரட்டைப் பதிவு. இதைத்தான் நீங்கள் முதலில் சரி செய்ய வேண்டும் என்பேன்.

எங்கள் ஊரில் நெட் போகும் விதம் உங்கள் ஆபீசில் போகும் விதம் இல்லை. முழுசாகப் போய்விட்டால் நல்லது, தெரிந்துவிடும். பாதியில் போவதுதான் ஆபத்து. ஸ்க்ரிப்ட் ஒரு வரியை அனுப்புகிறது. சர்வர் வாங்கிப் பதிந்துகொள்கிறது. 'வாங்கிவிட்டேன்' என்ற பதில் திரும்பி வரும் வழியில் டவர் விழுந்துவிடுகிறது. ஸ்க்ரிப்டைப் பொறுத்தவரை அனுப்பியது போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்புகிறது. சர்வர் அதையும் நல்ல பிள்ளையாக வாங்கிப் பதிகிறது. ஒரே வேலை, ஒரே நேரம், இரண்டு வரி. "செவ்வாய்க்கிழமை காலை ஒரே நேரத்தில் இரண்டு முறை வேலை செய்திருக்கிறீர்களே" என்று ஒரு மேனேஜர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும்.

பணம் அனுப்பும் உலகம் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. காவேரிப்பட்டணம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிட்டு யுபிஐயில் நாற்பது ரூபாய் அனுப்பும்போது நெட் திக்கினால், அந்தப் பரிமாற்றத்துக்கென்று ஓர் எண் இருக்கிறது, போனதா இல்லையா என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம். ஸ்ட்ரைப் போன்ற, இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவைகளில், கேட்பவரே ஒரு தனிச் சாவியைக் கூடவே அனுப்பலாம். அதே சாவியோடு அதே கோரிக்கை மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் முதலில் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும். நாற்பது ரூபாய் கத்தரிக்காய்க்கு இருக்கிற பாதுகாப்பு என் நாற்பது மணி நேரத்துக்கு வேண்டாமா?

வாட்சன் என்று நேரம் பதிய ஒரு கட்டற்ற கருவி உண்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது; அதில் ஒவ்வொரு நேரத் துண்டுக்கும் பிறக்கும்போதே உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் போட்டுவிடுகிறார்கள். நானும் அதே மாதிரி என் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் வைத்திருக்கிறேன். அதை வாங்கிவைக்க உங்களிடம் ஓர் இடம் இல்லை. வேறு வழியில்லாமல் வேலைக் குறிப்பின் வாலில் அந்த எண்ணைத் தொங்கவிட்டேன். 'முகப்புப் பக்கம் பிழை திருத்தம்' என்று எழுதி, பக்கத்தில் முப்பத்தாறு எழுத்துக் கந்தல். ஜெர்மன் கிளையன்டின் கணக்காளர் அதை அப்படியே இன்வாய்சில் அச்சடித்து, "இது என்ன மொழி, தமிழா?" என்று கேட்டு எழுதினார்.

திருத்தமும் நீக்கலும் இதே கதையின் அடுத்த பாகம். இரவு படுக்கும் முன் என் கோப்பைப் பார்க்கிறேன், 11:40 என்று இருக்க வேண்டியது 11:04 என்று இருக்கிறது. இங்கே திருத்திவிடுவேன். அங்கே? உங்கள் பக்கத்தில் அது எந்த என்ட்ரி என்று கண்டுபிடிக்க, நீங்கள் கொடுத்த எண்ணையும் என் எண்ணையும் சேர்த்துத் தனியாக ஒரு பொருத்தப் பட்டியல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியல் தொலைந்தால் கதை முடிந்தது. அப்புறம், உங்கள் பக்கத்தில் மேனேஜர் ஒரு வரியை நீக்கினால் எனக்குத் தெரிய வழியில்லை. பட்டியல் கேட்டால் உயிரோடு இருப்பதை மட்டும் கொடுக்கிறீர்கள். இல்லாத வரியைப் பார்த்து என் ஸ்க்ரிப்ட் 'அடடா, இது ஏறவில்லை போல' என்று மறுபடி ஏற்றும். அவர் மறுபடி நீக்குவார். ஒரு வாரம் நானும் அவரும் இப்படிச் சண்டை போட்டோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். நீக்கப்பட்டதை 'நீக்கப்பட்டது' என்று குறிப்போடு சொல்லுங்கள், யார் நீக்கினார் என்பதோடு. அவ்வளவு போதும். அதற்குப் பிறகுதான் நான் இருவழி சிங்க், அதாவது இரண்டு பக்கக் கணக்கும் ஒன்றையொன்று பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்வது, என்ற ஆசையையே விட்டேன். இப்போது ஒருவழிதான், என்னிடமிருந்து உங்களுக்கு. அப்பாவின் நோட்டை வயல்காரர் திருத்த முடியாத மாதிரி.

முழு எண்ணாக்குவதைப் பற்றி ஒரு கணக்கு. 15 நிமிடத்துக்கு அருகில் உள்ள எண்ணுக்கு மாற்று என்று கிளையன்ட் ஒரு டிக் போட்டிருக்கிறார். ஒரு நாளில் ஐந்து சின்ன வேலைகள், ஒவ்வொன்றும் 7 நிமிடம். மொத்தம் 35. நீங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றுகிறீர்கள்: 7 நிமிடம் என்பது சைபருக்கு அருகில், ஆக ஐந்து சைபர், மொத்தம் சைபர். கூட்டிவிட்டு மாற்றியிருந்தால் 30 நிமிடம் வந்திருக்கும். அதே ஐந்து வேலையும் 8 நிமிடம் எடுத்திருந்தால் ஒவ்வொன்றும் 15 ஆகி, மொத்தம் 75. உண்மையில் உழைத்தது 40. இதில் யாருக்கு லாபம் என்பது என் கவலை இல்லை, மாசக் கடைசியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. என் கவலை வேறு. மாற்றிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் அனுப்பிய 7ஐ அழித்துவிடுகிறீர்கள். அறிக்கையில் எப்படி வேண்டுமானாலும் காட்டுங்கள், அடியில் 7ஐ 7ஆகவே வையுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் நேரத்தை நாழிகையில் சொல்வார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். 'அரை நாழிகை'யை விடச் சின்னதை யாரும் கேட்டதும் இல்லை, கூலி குறைத்ததும் இல்லை.

இதோடு ஒட்டியது புள்ளிக் கணக்கு. அப்பாவின் மீட்டரில் கடைசி இலக்கம் பத்தில் ஒரு மணி, அதாவது 6 நிமிடம். அவருக்கு அது மனப்பாடம். எக்செல் கோப்பில் 1.30 என்று ஒருவர் எழுதினால் அது ஒன்றரை மணியா, ஒரு மணி பதினெட்டு நிமிடமா? ஒரு சேவை பதினெட்டு என்று படித்தது. வரிக்குப் பன்னிரண்டு நிமிடம் எனக்கு நஷ்டம். கோப்பை இறக்குமதி செய்யும்போது "இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று ஒரு முறை காட்டிவிட்டுப் பதியலாம்.

டைமர் ஓடிக்கொண்டே இருக்கும் கூத்தைச் சொல்லவே வேண்டாம். பராமரிப்புக்கென்று மாதம் ஒரு நாள் கரன்ட் நிறுத்துவார்கள். அது தெரிந்த விஷயம், தயாராக இருப்பேன். கோடை மழைக்கு முன்னால் காற்றடித்துப் போகிற கரன்ட்தான் சொல்லாமல் போகும். அப்படி ஒரு சாயந்திரம் ரவுட்டரும் லேப்டாப்பும் ஒன்றாக விழுந்தன. பிரவுசரில் நான் தொடங்கியிருந்த டைமர் உங்கள் சர்வரில் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. காலையில் பார்த்தால் 14 மணி நேரம், ஒரே மூச்சில். ஆர்க் மோடில் இப்படி ஒரு கடிகாரம் அநாதையாக நின்றால், அடுத்த முறை கடிகாரத்தை ஓட்டத் தொடங்கும்போது அதுவே கேட்கும்: இத்தனை நேரம் கணக்கில் வராமல் கிடக்கிறது, வைத்துக்கொள்ளட்டுமா, கழிக்கட்டுமா, மொத்தமாக விட்டுவிடட்டுமா என்று. சம்பளம் வாங்காத ஆட்கள் எழுதிய மென்பொருளுக்கு இருக்கிற இந்த நாகரிகம் உங்களிடம் இல்லை. நீங்கள் அந்த 14 மணியை என் மேனேஜருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தீர்கள்.

நான் அதைத் திருத்தியதும் அந்த வரிக்குப் பக்கத்தில் 'கையால் திருத்தப்பட்டது' என்று ஒரு ஆரஞ்சு முத்திரை. கையால் எழுதியது என்றாலே சந்தேகத்துக்குரியது என்று உங்களுக்கு யார் சொன்னது? அன்றைக்கு உண்மையான கணக்கு கையால் எழுதியதுதான். 14 மணி நேரம் என்ற பொய்யைச் சொன்னது இயந்திரம், அதற்கு எந்த முத்திரையும் இல்லை.

எங்கள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். 2023 ஜனவரி 1 முதல் அங்கேயும் செயலி வந்தது. தனிநபர் பயன் வேலைகள் நீங்கலாக எல்லாப் பணித்தளத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஆட்களை நிற்க வைத்துப் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு அதில் தெரிந்த ஒரே தொழில்நுட்பச் சொல் 'ஏறுச்சா?' என்பதுதான். மண் வெட்டியது வெட்டியதுதான், ஆனாலும் ஏறினால்தான் கணக்கு. சனிக்கிழமை இரவு நான் லேப்டாப்பைப் பார்த்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அம்மா சமையல் கட்டிலிருந்து கேட்பார், "என்னம்மா, உன்னது ஏறுச்சா?"

சனிக்கிழமை இரவு ஏன் என்றால், நான் வாரக் கணக்கை ஒன்றாக அனுப்புகிறேன். நாற்பது, ஐம்பது வரி இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோரிக்கை. வேகமாக அனுப்பினால் 429 என்ற எண் வரும். 'ரொம்பக் கேட்கிறாய், நில்' என்று அர்த்தம். 2012இல் தரப்படுத்தப்பட்ட எண் அது. நிற்கச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்ல அந்தத் தரத்திலேயே இடமிருக்கிறது. சொல்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். சொல்லாமல் கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது வரியையும் ஒரே கட்டாக வாங்கிக்கொண்டு, எது ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்று ஒரே பதிலில் சொன்னால் உங்கள் சர்வருக்கும் நிம்மதி, அம்மாவும் சீக்கிரம் தூங்குவார்.

இனி சொல்லக் கூச்சமான ஒன்று. என் கோப்பில் வேலை மட்டும் இருப்பதில்லை. என் நாள் முழுக்க அதில்தான். 'அப்பா பி.பி. மாத்திரை, கிருஷ்ணகிரி', 'ரேஷன்', 'களி கிண்டுதல்' எல்லாம் நேரத்தோடு இருக்கும். வேலை என்று குறியிட்ட வரிகள் மட்டும்தான் போக வேண்டும். ஒருநாள் ஸ்க்ரிப்டை மாற்றும்போது வடிகட்டும் வரியை மாற்றி எழுதிவிட்டேன். ஒரு வாரத்துச் சொந்த வாழ்க்கை அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. களி கிண்ட முப்பத்தைந்து நிமிடம், பில் செய்யத்தக்கது என்ற டாலர் குறியோடு. என் தப்புதான், மறுக்கவில்லை. உடனே எல்லாவற்றையும் நீக்கினேன். ஆனால் மாற்ற வரலாறு என்ற பக்கத்தில் நீக்கியவை எல்லாம் அப்படியே இருந்தன, மேனேஜர் பார்க்கிற மாதிரி. அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை, கிளையன்டிடம் கேளுங்கள் என்று உங்கள் உதவிப் பிரிவு சொன்னது. நீக்கலை மறைக்கக் கூடாது என்று மேலே நானே சொன்னேன், ஞாபகம் இருக்கிறது. நான் கேட்பது வேறு: அனுப்பி ஒரு மணி நேரத்துக்குள், யாரும் ஒப்புதல் தராத வரியை, எழுதியவரே தடமின்றித் திரும்பப் பெறும் வசதி. தபால் பெட்டியில் போட்டாலும் தபால்காரர் எடுத்துப் போகும்வரை கொஞ்சம் நேரம் இருக்கிறதில்லையா?

அதே போல டோக்கன். ஸ்க்ரிப்டுக்காக நீங்கள் தரும் சாவி என் கணக்கு முழுவதையும் திறக்கிறது: பிறர் பெயர்கள், திட்டங்கள், சில இடத்தில் மணிக்கூலி விகிதம் உட்பட. எனக்குத் தேவை நேர வரி எழுதும் உரிமை ஒன்றுதான். டிராக்டர் சாவி கேட்டால் வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுக்கிறீர்கள்.

கிளையன்டின் அமைப்பு அப்படி, நாங்கள் என்ன செய்ய என்று நீங்கள் சொல்வீர்கள். அரைகுறை உண்மை. ஒரு திரையில் எது தானாக டிக் ஆகி இருக்கிறதோ அதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் அமைப்பு. அந்த டிக்கைப் போட்டது நீங்கள். மேனேஜர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு உங்கள் அமைப்புப் பக்கத்தின் இரண்டாம் திரை வரை போக நேரமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியும் தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை அளக்க, நம்பகமான, தொழிலாளியும் பார்க்கக்கூடிய ஒரு முறையை முதலாளிகள் வைக்கும்படி உறுப்பு நாடுகள் கட்டாயமாக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டது ஸ்பெயினில் ஒரு தொழிற்சங்கம். தினமும் எத்தனை மணி வேலை என்று பதிவு இருந்தால்தான் வேலை நேர வரம்பையும் மிகைநேரத்தையும் சரிபார்க்க முடியும் என்பதே அவர்கள் சொன்னது. நான் அந்தச் சட்டத்துக்குள் வரும் ஊழியர் இல்லை, காண்ட்ராக்டில் வேலை செய்கிறவள். ஆனாலும் நேரக்கணக்கை முதலில் கேட்டது உழைக்கிற பக்கம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் விளம்பரங்களில் அந்தப் பக்கத்தைக் காணவில்லை. 'உங்கள் குழு என்ன செய்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்' என்றுதான் இருக்கிறது.

என் பக்கம் ஏன் கோப்பு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கடைசிச் சம்பவம். இரண்டு வருடம் முன்னால் ஒரு கிளையன்டோடு வேலை முடிந்தது. சண்டை இல்லை, திட்டம் முடிந்தது. முடிந்த அன்று சாயந்திரமே என் லாகினை எடுத்துவிட்டார்கள். கடைசி வாரத்து அறிக்கையை நான் இறக்கிக்கொள்ளவில்லை. இன்வாய்ஸ் அனுப்பினால், "எங்கள் பதிவில் 11 மணி நேரம் குறைவாக இருக்கிறது" என்று பதில். பதினோரு மணி நேரம் ஒப்புதலுக்குக் காத்திருந்த நிலையில் நின்றுபோயிருக்கிறது. என் கோப்பைத் திறந்து, வரி வரியாக, எந்தப் பிழைக்கு எந்த மணி என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் தங்கள் கோட் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பணம் அனுப்பினார்கள். என் கணக்கு என்று உங்களிடம் இருந்தது எதையும் அன்று என்னால் பார்க்கக்கூட முடியவில்லை. ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கும்போது, அவர் எழுதிய வரிகளின் ஒரு நகலை அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு நீக்குங்கள். ஓசூரில் எந்தக் கம்பெனியில் வேலையை விட்டாலும் கையில் ஒரு தாளாவது கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

உங்களில் நல்லது செய்கிறவர்களும் உண்டு என்பதையும் எழுதத்தான் வேண்டும். டாகிள் சேவையின் ஏபிஐயில் ஓடிக்கொண்டிருக்கும் என்ட்ரியின் கால அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். முதலில் பார்த்தபோது தலை சுற்றியது. ஆனால் அது ஏன் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், படித்தால் புரிகிறது. வினோதமாக இருப்பதில் தப்பில்லை, வினோதத்தை எழுதி வையுங்கள்.

என் ஸ்க்ரிப்ட் இந்தச் சனிக்கிழமையும் இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மூன்று பேர் வாசலிலும் வந்து நிற்கும். இந்த வாரம் இதுவரை 43 வரி. அதில் இரண்டு நள்ளிரவைத் தாண்டுகின்றன. உங்களில் ஒருவர் அதை வாங்க மாட்டீர்கள் என்பதால் 11:59இல் வெட்டி நான்காக்கி வைத்திருக்கிறேன். வெட்டிய இடத்தில் ஆளுக்கொரு நிமிடம் போகும். அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து,
உங்கள் சேவையில் 'உறுப்பினர் 3' என்று பதிவாகியிருப்பவள்